ஊற்று மரத்தில் கட்டிய துணி

தெர்ஸா ஆங்வின் எந்தத் துணியையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டாள். ஓர் இழையை உருவி லைட்டரைக் கொளுத்திப் பிடிப்பாள். பருத்தியாக இருந்தால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். கம்பளியாக இருந்தால் முடி கருகின நாற்றம் வரும். நைலான், பாலியெஸ்டர் வகையறா உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு மணி உட்காரும். மணி உட்கார்ந்துவிட்டால் கத்தரியை எடுப்பாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, மழையானாலும் மூடுபனியானாலும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போவது அவள் வேலை. பென்சான்ஸிலிருந்து மேற்கே, கருங்கல் சுவர்களுக்கு நடுவே சேற்றுப் பாதையில் இருபது நிமிட நடை. ஊற்றின் தலைமாட்டில் வளைந்த முள்மரம் ஒன்று நிற்கிறது. நோயாளியின் உடம்பில் பட்ட துணியில் ஒரு கீற்றுக் கிழித்து, ஊற்று நீரில் நனைத்து, நோவுள்ள இடத்தைத் துடைத்து, அந்த மரத்தில் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோயும் மக்கிப்போகும் என்பது கார்ன்வால் மேற்குக்கோடியில் ரொம்ப காலத்து வழக்கம். அந்தக் காலத்தில் எல்லாமே மக்குகிற துணி. இப்போது வருகிறவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் கட்டிவிட்டுப் போகிறார்கள். காலுறை, மார்க்கச்சைப் பட்டி, முகக்கவசம், நாய்க்கயிறு, ஒரு தடவை பிறந்தநாள் பலூன்கூட. அவை மக்குவதில்லை, பட்டையை அறுத்துக் கிளையைக் கொல்கின்றன. ஊர் ட்ரூயிடுகளின் குழு, தோப்பு என்று பெயர், இந்த மரத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. தோப்பு என்றால் பதினாறு பேர், வருடத்துக்கு எட்டு விழா, பழைய கெல்ட் பூசாரிகளின் பெயரில் வெள்ளை அங்கி. பொறுப்பு பதினாறு பேருடையது. கத்தரி தெர்ஸாவுடையது.

அவளுக்கு வயது அறுபத்துநாலு. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்று, கணுக்காலெல்லாம் நரம்பு முடிச்சு. புருஷன் பிளிமத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான். தெர்ஸா சிறு வயதிலிருந்து பாடிய தேவாலயத்தை விற்று விடுமுறை வீடாக்கிவிட்டார்கள். பீடம் இருந்த இடத்தில் இப்போது வெந்நீர்த் தொட்டி. பதினோரு வருடத்துக்கு முன் தோப்பில் யாரோ அங்கிகளைத் துவைத்துத்தரக் கேட்டார்கள், துவைத்துத் தந்தாள். பிறகு விழாவில் நிற்கும் வட்டத்தில் கிழக்குப் பக்கம் நிறுத்தி இரண்டு வரி சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்னதற்குப் பதினைந்து பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள். அதுவரை அவள் பேச்சுக்கு யாரும் சேர்ந்து பதில் சொன்னதில்லை. அதற்காகவே தங்கிவிட்டாள்.

தோப்பில் மூன்று படி உண்டு. இரண்டு படி ஏறிவிட்டாள். மூன்றாவதற்குக் கட்டுரை எழுத வேண்டும். தலைவி கில்லியன் அதை மூன்று முறை பச்சை மையில் திருத்தித் திருப்பி அனுப்பினாள். கில்லியன் சர்ரேயில் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவள், தோப்புப் பெயர் வெண்ணாரை. நாலாவது முறைதான் சரி என்றாள். மே முதல் தேதி பெல்டேன் விழாவில் தெர்ஸாவுக்கு மூன்றாம் படியும் புதுப் பெயரும். பெயரை அவள் எட்டு வருடத்துக்கு முன்பே தேர்ந்து வைத்திருந்தாள். கல்குருவி.

கெர்ரா டிரெம்பாத் தோப்புக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இருபத்தொன்பது வயது, நியூலினில் மீன் பொதியும் கூடத்தில் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் கானாங்கெளுத்தி வாடை போகாத கைகள். அவள் மகள் டெகனுக்கு நாலு வயது, ரத்தப் புற்றுநோய். ஒருமுறை அடங்கி அக்டோபரில் திரும்பி வந்திருந்தது. ஊற்று மரத்தைப் பற்றிக் கெர்ராவுக்குச் சொல்லிக்கொடுத்தது கில்லியன். அக்டோபர் கடைசி நாள் விழா முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, கெர்ரா ஒரு ரோஜா நிறக் கீற்றை மரத்தில் கட்டினாள். தெர்ஸா பக்கத்தில் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெட்டை முடிச்சுப் போட்டிருக்கேன், தெர்ஸா. காத்துல போயிடாதுல்ல?"

"போகாது, கண்ணு."

"அவளோட பைஜாமா. யூனிகார்ன் படம் போட்டது. கழட்டவே விடமாட்டா. தூங்குறப்ப கத்தரிச்சேன்."

துணியைப் பார்த்ததுமே தெர்ஸாவுக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சுபஞ்சாக, தேய்த்தால் மின்சாரம் பிடிக்கிற ரகம். அப்போதே சொல்லியிருக்கலாம். "பருத்திச் சட்டை ஏதாவது இருந்தா கொண்டா" என்று நாலு வார்த்தை. கெர்ராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று குவளைகளைப் பையில் போட்டாள்.

அடுத்த வாரம் டெகனை பிரிஸ்டல் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். முதல் சனிக்கிழமையும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் கில்லியன் எல்லோர் முன்னாலும், "தெர்ஸா, மரத்துல ஒரு நைலான் ரிப்பன் தொங்குது. உனக்குக் கண் மங்குதா, இல்ல இரக்கம் பொங்குதா?" என்று கேட்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தெர்ஸா மரத்தடியில் நின்று ஓர் இழையை உருவிக் கொளுத்தினாள். உருகியது, மணி உட்கார்ந்தது. ரெட்டை முடிச்சைக் கத்தரித்துக் குப்பைப் பையில் போட்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் தோப்பு விதிமுறை. குழந்தையின் தாய் வந்து பார்ப்பாள், கேட்பாள், தெர்ஸா காரணம் சொல்வாள், திட்டு வாங்குவாள், அதோடு முடிந்திருக்கும். தெர்ஸாவுக்குத் திட்டு வாங்க மனமில்லை. வீட்டுக்குப் போய்த் தன் பழைய இரவு உடையில் ஒரு கீற்றுக் கிழித்தாள். சுத்தப் பருத்தி, ஏறக்குறைய அதே ரோஜா நிறம், வருடக்கணக்கில் வெளுத்து வெளுத்து வெங்காயத்தோல் மாதிரி ஆனது. திரும்ப இருபது நிமிடம் நடந்துபோய் அதே கிளையில் ரெட்டை முடிச்சுப் போட்டாள். மழையில் நனைந்தால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?

கெர்ராவுக்குத் தெரியவில்லை. பிரிஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் நேராக ஊற்றுக்குத்தான் போனாள். டிசம்பரில் துணி வெளிறியது. பிப்ரவரியில் ஓரம் பிரிந்தது. அந்தத் தடவை கெர்ரா தெர்ஸாவின் வீட்டுக்கே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "மக்குது, தெர்ஸா! நிஜமாவே மக்குது!" தெர்ஸா அவளுக்குக் குங்குமப்பூ ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

ஏப்ரல் கடைசியில் டெகனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தெர்ஸா போய்ப் பார்த்தாள். குழந்தையின் தொடையில், விரல் வைத்து அழுத்திய இடமெல்லாம் நீலம். ஈறில் ரத்தம். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தூக்கி உட்காரவைக்கும்போது எடையே இல்லை. தெர்ஸா சலவைக்கூடத்தில் இருந்தவள்தான், ஆனால் அந்த இல்லத்தில் ஆள் குறைந்த நாட்களில் எல்லோரும் எல்லா வேலையும் பார்ப்பார்கள். வாரக்கணக்கில் இருக்கிற உடம்புக்கும் மாதக்கணக்கில் இருக்கிற உடம்புக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும்.

"டாக்டர் என்ன சொல்றார்?" சமையலறையில் கேட்டாள்.

"அவங்களுக்கு என்ன, எப்பவும் ஒரே பாட்டு. மூணு வாரம், நாலு வாரமாம். வீட்டுலயே வெச்சிக்கோ, வலிக்கு மருந்து தர நர்ஸ் வருவாங்கன்றாங்க. இல்லாட்டி புது மருந்து ஒண்ணு சோதனையில இருக்காம். நூத்துல ரெண்டு பேருக்குக் கேட்டா பெரிசுன்னு அந்த டாக்டரம்மாவே சொல்லுது. எட்டு வாரம் படுக்கையிலயே இருக்கணும், மூக்குல குழாய், கையில குழாய். திங்கக்கிழமை பிரிஸ்டலுக்கு வண்டி வருது."

"நீ சரின்னுட்டியா?"

"பின்ன? துணி ரெண்டு இழையில தொங்குது, தெர்ஸா. இன்னும் ஒரு மாசம் தாங்குமா? அது விழுற நேரத்துல கொழந்தையைக் கொண்டாந்து வீட்டுல சாகப் போடச் சொல்றீங்களா?" கெர்ரா சிரித்தாள். "டெகன் போகமாட்டேன்னு அழறா. ஊசி வேணாம், அம்மா, வீட்டுல இருக்கலாம்னு. பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தூக்கிட்டுப் போகணும்."

முன் அறையில் குழந்தை இருமியது. தெர்ஸா அன்று வீட்டுக்குப் போய் எதையும் சாப்பிடவில்லை. சொன்னால் திங்கட்கிழமை வண்டி வராது, குழந்தை தன் கட்டிலில் கிடக்கும். சொன்னால் கல்குருவி இல்லை, வட்டம் இல்லை, கிழக்குப் பக்கம் இல்லை. வேறு குழப்பம் எதுவும் அதில் கிடையாது.

வியாழக்கிழமை கில்லியனின் வீட்டுக்குப் போனாள். கில்லியன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து விழாவுக்குப் பூமுடி கட்டிக்கொண்டிருந்தாள். தெர்ஸா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐயோ, செல்லம்," என்றாள் கில்லியன், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "சனிக்கிழமை பிரான்ஸ்ல பிரிட்டனியிலிருந்து ரெண்டு விருந்தாளி வர்றாங்க. இப்பப் போய் இதையா?"

"திங்கக்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டுப் போறாங்க."

"அது டாக்டருக்கும் தாய்க்கும் நடுவுல உள்ளது. நீ யாரு குறுக்கே? நம்பிக்கைன்னு ஒண்ணு அவளுக்கு இருக்கு. அதை ஏன் பிடுங்கணும்?"

"அந்த நம்பிக்கை என் நைட்டி, கில்லியன்."

கில்லியன் கத்தரியைக் கீழே வைத்தாள். "துணிங்கறது ஒரு குறியீடு. குறியீட்டைப் போய் எழுத்துக்கு எழுத்து நம்புவாங்களா? உன் கட்டுரையிலயும் இதேதான் கோளாறு. மூணு தடவை எழுதினேன் பச்சை மையில. உனக்கு ஏறல."

"மக்கினா நோய் போகும்னு அந்தப் பொண்ணுகிட்ட நீங்கதான சொன்னீங்க?"

"ஆறுதலுக்குச் சொன்னேன். விழா முடியட்டும். பேரை வாங்கிக்கோ. அப்புறம் நிதானமா யோசிப்போம். பதினோரு வருஷம் காத்திருந்த, இன்னும் ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டிருக்க முடியாதா?"

வெள்ளிக்கிழமை தெர்ஸா இரண்டு முறை கெர்ராவின் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். அங்கியை இஸ்திரி போட்டாள். பெயர் ஆசை லேசில் விடுமா? அதுவும் அவளிடம் வேறு எதுவும் இல்லாதபோது.

சனிக்கிழமை நல்ல வெயில். புதர்க்காட்டில் மஞ்சள் பூ மண்டிக் கிடந்தது. ஊற்றுக்கு மேலே உள்ள புல்வெளியில் பதினாறு பேரும் இரண்டு விருந்தாளிகளும் வட்டமாக நின்றார்கள். டெகனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கெர்ராவும் வந்திருந்தாள், தெர்ஸாவின் பெயர்சூட்டலைப் பார்ப்பதற்காகவே. தலையில் பூமுடி. கையில் ஒரு கேக், அவளே சுட்டது.

எந்த விழாவும் அமைதி கேட்டுத்தான் தொடங்கும். தலைவி நாலு திசைக்கும் திரும்பி "அமைதி உண்டா?" என்று கேட்பாள். அந்தந்தத் திசையில் நிற்பவர் "உண்டு" என்று சொல்ல வேண்டும். இல்லை என்று யாராவது சொன்னால், அதைத் தீர்க்காமல் விழா நடக்காது என்பது தோப்பின் சட்டம். தோப்பு தொடங்கியதிலிருந்து யாரும் இல்லை என்று சொன்னதில்லை. வடக்கு உண்டு என்றது. தெற்கு உண்டு என்றது. மேற்கும் அப்படியே. கில்லியன் கிழக்கே திரும்பினாள். தெர்ஸாவைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையில் எச்சரிக்கை இருந்தது.

"கிழக்கில் அமைதி உண்டா?"

"இல்ல," என்றாள் தெர்ஸா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அவள் உளறிவிட்டதாக நினைத்து. தெர்ஸா வட்டத்தைக் குறுக்கே கடந்து கெர்ராவின் முன்னால் போய் நின்றாள். நேராகச் சொன்னாள்.

"மரத்துல தொங்குறது டெகனோட துணி இல்ல. அவ துணி மக்காத ரகம். நவம்பர்லயே கத்தரிச்சிட்டேன். இப்ப இருக்கிறது என் நைட்டியில கிழிச்சது. நீ பார்த்தது என் துணி மக்கினது. பிள்ளைக்குக் கொறஞ்சதா நெனச்சு திங்கக்கிழமை தூக்கிட்டுப் போகாத."

கெர்ரா கேக்கைப் பிடித்தபடியே நின்றாள். "எந்தத் துணி?" என்று கேட்டாள். புரிந்துதான் கேட்டாள்.

விழாவில் மேளம் அடிக்கிற ஹெட்லி முணுமுணுத்தான்: "இருவது வருஷம் சலவைக்கூடத்துல. ஒருத்தர் துணியை இன்னொருத்தர் பெட்டியில வைக்கிறது பழக்கம்தானே." இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அந்த இடத்திலும் சிரித்தார்கள்.

கில்லியன் மேடைக் குரலில் சொன்னாள்: "இது தோப்புக்குத் தெரியாம நடந்தது. மாத்துத் துணி கட்டச் சொல்லி யாரும் இவகிட்ட சொல்லல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே தடுத்திருப்போம்."

"வியாழக்கிழமை உங்ககிட்டச் சொன்னேனே, கில்லியன்."

"என்கிட்ட எதுவும் சொல்லல," என்றாள் வெண்ணாரை, கண் இமைக்காமல். மற்றவர்கள் புல்லைப் பார்த்தார்கள். பதினோரு வருடம் அவள் துவைத்த வெள்ளையில் ஒருவர்கூட அசையாமல் நின்றார்கள். கெர்ரா கேக்கைத் தரையில் வைத்தாள், பூமுடியைக் கழற்றி அதன் மேல் போட்டாள், தெர்ஸாவின் முகத்தில் துப்பினாள். பிறகு ஊற்றுக்கு இறங்கிப் போய் அந்தக் கீற்றை அறுத்து எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். மறுநாள் தோப்பிலிருந்து யாரோ தெர்ஸாவின் கதவிடுக்கில் கடிதம் போட்டுவிட்டுப் போனார்கள். இனி வர வேண்டாம், அவளிடமுள்ள அங்கிகளைத் துவைத்து வாசலில் வைத்துவிட்டால் ஆள் வந்து எடுத்துக்கொள்ளும். துவைத்து வைத்தாள்.

திங்கட்கிழமை பிரிஸ்டல் வண்டி வரவில்லை. செவ்வாய் காலை கெர்ரா போன் செய்தாள்.

"நர்ஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் வரும். என் அம்மாவால தூக்க முடியல. நீ வா."

"வர்றேன், கண்ணு."

"பாசத்துல கூப்பிடறேன்னு நெனச்சிடாத. நீ பார்க்கணும். உக்காந்து பார்க்கணும். அதுக்குத்தான்."

தெர்ஸா பத்து நாள் போனாள். காலை ஏழு மணிக்குப் போய் சாயங்காலம் திரும்புவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தாள், குதிகாலுக்கு அடியில் மெத்தை கொடுத்தாள், வாயைப் பஞ்சால் துடைத்தாள், வாந்திக்குப் பாத்திரம் பிடித்தாள், ஈரமான விரிப்பைக் குழந்தையைத் தூக்காமலே உருவி மாற்றினாள். கெர்ரா அவளுக்குத் தேநீர் கொடுக்கவில்லை. உட்கார நாற்காலி காட்டவில்லை. குழந்தை வலியில் முனகும்போதெல்லாம் தெர்ஸாவின் முகத்தைத்தான் பார்த்தாள். "திரும்பாத. பாரு," என்பாள்.

ஐந்தாம் நாள் டெகன் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். தெர்ஸாவிடம் கேட்டாள்: "என் யூனிகார்ன் துணி மரத்துல இருக்கா?"

தெர்ஸா கெர்ராவைப் பார்த்தாள். கெர்ரா கதவில் சாய்ந்து கைகட்டி நின்றாள். "சொல்லு. அவகிட்டயே சொல்லு. என்கிட்டச் சொன்ன மாதிரி."

"இல்ல, டெகன். நான் கத்தரிச்சுக் குப்பையில போட்டுட்டேன்."

"ஏன்?"

"அது மக்காத துணி. மரத்துக்கு வலிக்கும்."

"அது எனக்குப் பிடிச்ச பைஜாமா," என்றது குழந்தை. "அம்மா ஏன் அதைக் கிழிச்சா?"

கெர்ரா அறையை விட்டுப் போனாள். பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவது கேட்டது. தெர்ஸா விரிப்பின் ஓரத்தைச் செருகினாள். போய்த் தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த வீட்டில் அவளுக்கு அந்த உரிமை இல்லை.

பத்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, ஜன்னல் திறந்திருக்க, வெளியே கடற்காக்கைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போது, டெகன் மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டாள். மருந்தில் இருந்ததால் வலி தெரியவில்லை. தாயின் கை அவள் தலைக்கடியில் இருந்தது. நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். தெர்ஸா வெந்நீரும் துண்டும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"தொடாத," என்றாள் கெர்ரா. "இவங்க குளிப்பாட்டுவாங்க. நீ போ."

தெர்ஸா நடைவழிக்கு வந்தாள். கெர்ராவும் பின்னாலேயே வந்தாள். முகம் காய்ந்து கிடந்தது.

"ஒண்ணு கேக்கணும். அந்த பிரிஸ்டல் மருந்து. கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

தெர்ஸா பொய் சொல்லியிருக்கலாம். அந்த இல்லத்தில் எத்தனையோ மகள்களுக்கு, மகன்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகள் நாக்கு நுனியில்தான் இருந்தன. "தெரியாது, கண்ணு," என்றாள்.

"கண்ணுன்னு கூப்பிடறத நிறுத்து. ஆயுசு பூரா நூத்துல ரெண்டு, நூத்துல ரெண்டுன்னுதான் எனக்குக் கேக்கும். நீ வாயைத் தொறக்காம இருந்திருந்தா அது இல்ல. நவம்பர்லயே தொறந்திருந்தா இந்த ஏமாத்தமும் இல்ல. நீ ரெண்டையும் பண்ணினே. உன்னை நான் மன்னிக்கமாட்டேன். புரியுதா?"

"புரியுது."

"இந்தத் தெருவுல வராத. கடையில பார்த்தா வேற பக்கம் போ."

தெர்ஸா சலவைக் கூடையை எடுக்கக் குனிந்தாள். அன்று காலை மாற்றிய விரிப்புகள் அதில் இருந்தன, துவைத்துக் கொண்டுவருவது அவள் வழக்கம். கெர்ரா கூடையைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தெர்ஸா வாசல்படிக்கு வெளியே நின்று பூட்ஸை மாட்டினாள். கணுக்கால் வீங்கியிருந்ததால் நேரம் பிடித்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக, குழந்தைக்கு எந்தத் துணியைப் போடட்டும் என்று நர்ஸ் கேட்பதும், எதுவானாலும் சரி என்று கெர்ரா சொல்வதும் அவளுக்குக் கேட்டது.